இரண்டாவது கையெழுத்து

ஓசியா கிரிக்ஸ் சபையின் அட்டை விசிறியைத் தூக்கிக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெயில் உத்தியோகப் பெண்ணுக்கு முதலில் தெரிந்தது கெத்செமனே தோட்டத்தில் பாறைமேல் கைகோத்து முழங்காலிட்டிருந்த இயேசு.

“என்னங்க இது?”

“அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் பாரு.” திருப்பிக் காட்டினார். கோட்டும் டையுமாக ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, மேஹியூ ஜாமீன், உங்கள் கஷ்ட காலத்தில் ஒரு சகோதரன் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. “இந்த ஆளு எப்படி?”

“எப்படின்னா?”

“நம்பலாமா? ஜாமீன் எழுத லைசென்ஸ் இருக்கா?”

“நாங்க இவர்கிட்டப் போங்க, அவர்கிட்டப் போங்கன்னு சொல்லக் கூடாதுங்க. செவுத்துல லைசென்ஸ் உள்ளவங்க லிஸ்ட் ஒட்டியிருக்கு, பாத்துக்குங்க.”

“லிஸ்ட்ட எழுதினது யாரு?”

“ஆபீஸ்ல.”

“எந்த ஆபீஸ்ல?”

அவள் அவரைத் தாண்டிப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். ஓசியா விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் போனார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். படிக்கத் தெரியும், ஆனால் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து கீழ்வரை தள்ளிக்கொண்டு போனார். மேஹியூவின் பெயர் இல்லை. மறுபடி கீழிருந்து மேலே வந்தார். அப்போதும் இல்லை.

இதில் ஒன்று பொய். விசிறி பொய்யாக இருக்கவேண்டும், அல்லது லிஸ்ட் பொய்யாக இருக்கவேண்டும். லிஸ்ட்தான் பொய் என்று அவருக்குத் தோன்றியது. ஷெரிப் ஆபீஸ்காரன் மச்சான் பெயர், மாமன் பெயர் எல்லாம் மேலே இருக்கும். கறுப்பு ஆள் பெயர் தட்டச்சில் விட்டுப்போயிருக்கும். இந்தக் கவுண்டியில் நடக்காததா?

முப்பது வருஷம் பைன் மரம் ஏற்றிக் காகித ஆலைக்கு லாரி ஓட்டியவர் ஓசியா. ஆலை வாசலில் எடைமேடை இருக்கும். வண்டி மேடையில் ஏறியதும் மற்ற டிரைவர்கள் சீட்டு வாங்கப் போவார்கள். இவர் இறங்கிக் குனிந்து மேடைக்கு அடியில் பார்ப்பார், எடை குறையும்படி கட்டை ஏதாவது செருகியிருக்கிறதா என்று. ஒருமுறை செருகியிருந்தது. அந்த ஒரே ஒருமுறைதான். அதற்கப்புறம் அவர் குனியாத எடைமேடை கிடையாது. மேடையில் ஆரம்பித்தது மெதுவாக மற்ற எல்லாவற்றுக்கும் பரவியது. கசாப்புக் கடைத் தராசு, பெட்ரோல் பங்கு மீட்டர், டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை, சபையில் காணிக்கை எண்ணும் தட்டு என்று எதையும் அவர் சும்மா விட்டதில்லை.

ஆனால் விசிறியை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. அதில் அவர் தனி ஆளும் இல்லை. அவர் போகும் சபையில் ஒவ்வொரு பெஞ்சிலும் பாட்டுப் புத்தகத்தோடு அந்த விசிறி செருகியிருக்கும். யார் வீட்டுப் பிள்ளையையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், பெண்கள் டெலிபோன் புத்தகத்தைத் தேடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விசிறி ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். இயேசுவின் முதுகில் ஒரு திருடன் முகத்தை ஒட்டச் சபை மேய்ப்பர் விடுவாரா? அவ்வளவுதான் கணக்கு. விசிறி அச்சடித்து எத்தனை கோடை போயிருக்கும் என்று யாரும் யோசித்தது கிடையாது. குச்சி ஒடிந்தால் புதுக் குச்சி ஒட்டி மறுபடி பெஞ்சில் வைப்பார்கள்.

உள்ளே அடைபட்டிருந்தது அவருடைய ஒரே மகள் வெர்லீன். நாற்பதைத் தாண்டியவள். டெரெல் என்கிற உருப்படாதவனோடு கடலோரம் பென்சகோலாவில் சில வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, வெறுங்கையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கோழி அறுத்துப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் அந்த டெரெலின் காரைப் பார்த்திருக்கிறாள். உள்ளே வேறொருத்தியின் செருப்பு கிடந்ததாம். ஜாக்கிக் கம்பியை எடுத்துக் கண்ணாடி ஒன்று விடாமல் நொறுக்கிவிட்டாள். ஜெயிலிலிருந்து போன் பண்ணியபோது அவள் அழவில்லை.

“அப்பா, திங்கக்கிழமை காலையில நான் லைன்ல நிக்கணும். ஏற்கெனவே லீவு போட்டுப் பாயின்ட் ஏறிக் கெடக்கு. இன்னும் ஒரு நாள் போகலேன்னா வேலை போச்சு. வேற எவன் குடுப்பான் எனக்கு வேலை? நீ பாட்டுக்கு உன் சோதனையெல்லாம் பண்ணிக்கிட்டு இருக்காத, சொல்லிட்டேன். கூட இருக்கற பொண்ணு சொன்னா, டோனட் கடை இருந்த எடத்துல டானான்னு ஒருத்தி ஜாமீன் எழுதறாளாம், அவளக் கூப்பிடு.”

“ஜெயில்ல இருக்கறவ சொல்ற ஆளையா?”

“பின்ன ஜெயிலுக்கு வராதவங்களுக்கா தெரியும்?” என்றாள். போன் துண்டித்துக்கொண்டது.

சாமர்த்தியமான பேச்சுதான். அதனாலேயே அவர் அதை நம்பவில்லை.

ஜெயிலிலிருந்து கிளம்பி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் மேஹியூ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். டயர் கடையை ஒட்டிய வீடு. முன்னறையில் மேஜை போட்டு அதைத்தான் ஆபீஸ் என்று வைத்திருந்தார். விசிறியில் இருந்த முகத்தைவிட இந்த முகம் ரொம்ப வயதானது. கன்னம் இறங்கி, மேல் பல் ஒன்று போயிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“வா, வா, பிரதர் ஓசியா. வெர்லீன் விஷயம் காதுல விழுந்துச்சு. நேத்து ராத்திரியே பேரைச் சொல்லி ஜெபத்துல வெச்சுட்டேன்.”

“ஜெபம் இருக்கட்டும். லைசென்ஸ் எங்க?”

மேஹியூ சிரித்தார். “என்னையா கேக்குற? உன் பொண்டாட்டிக்கு சவப்பெட்டி தூக்கினவன்ய்யா நான்.”

“தூக்கினே. ஒரு பக்கம் சாஞ்சுது. எங்க லைசென்ஸ்?”

சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார் மேஹியூ. ஓசியா அதை ஆணியிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெயில் பட்டுப் பட்டு எழுத்து தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. முத்திரை இருந்தது. பெயர் இருந்தது. கீழே வருஷம் இருக்கவேண்டிய இடத்தைச் சட்டத்தின் மரம் மறைத்திருந்தது. நகத்தால் பின்பக்க அட்டையை நெம்பினார்.

“யோவ், பிரிச்சு எடுத்துராதய்யா! புதுசு தபால்ல வந்துக்கிட்டு இருக்கு.”

“தபால்ல வர்றது ஜாக்சன்ல இருந்துதானே கெளம்பியிருக்கும்? கேட்டுருவோம்.”

ஜாக்சனில் லைசென்ஸ் கொடுக்கும் மாநில ஆபீசின் எண்ணை அவர் ஜெயில் சுவரிலிருந்தே தீப்பெட்டி மேல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மேஹியூ கொடுக்கிற எண்ணுக்கு மேஹியூவின் மைத்துனியே எடுத்துப் பேசலாமில்லையா? தன் போனில் தானே ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

“உங்க பேரு சொல்லுங்க சார்.”

“யாரு கேக்குறது?”

“நீங்கதான் சார் கூப்பிட்டிருக்கீங்க.”

“நீ ஜாக்சன்ல, சர்க்கார் ஆபீஸ்ல உக்காந்துதான் பேசுறேன்னு நான் எப்படி நம்புறது?”

அந்தப் பக்கம் நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு, “இங்க மழை பெய்யுது. ஜன்னல்ல ஒரு புறா ஒண்டிக்கிட்டு இருக்கு. எனக்கு எதிர்ல ரெண்டு பேர் பிறந்தநாள் கேக் வெட்டிக்கிட்டு, எனக்குத் தராம தின்னுக்கிட்டு இருக்காங்க. போதுமா, இன்னும் ஏதாவது வேணுமா?” என்றாள்.

சர்க்கார் ஆபீஸ்தான் என்று ஓசியாவுக்குத் தெளிந்தது. மேஹியூவின் முழுப் பெயரையும் ஊரையும் சொன்னார். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“இல்லீங்க. அந்தப் பேர்ல இருந்த லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருஷம் ஆச்சு. அவரு இப்ப ஜாமீன் எழுத முடியாது. காசு எதுவும் குடுத்துட்டீங்களா?”

“நான் யாருக்கும் எதையும் குடுக்கறவன் இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மேஹியூ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு போயிருந்தது. சிரிப்பில்லாமல் அந்த முகம் யாரோ வேற்று ஊர்க்காரர் முகம் மாதிரி இருந்தது.

“ஒரே வருஷத்துல ரெண்டு பேர் ஓடிட்டானுங்க,” என்றார். “ரெண்டு பேரும் நம்ம சபைதான். யாருன்னு சொல்லமாட்டேன். அவங்க ஜாமீன் தொகைய கோர்ட்டுக்கு நான் கட்டினேன். எனக்கு ஈடு நின்ன இன்சூரன்ஸ் கம்பெனி என்னைக் கை கழுவிடுச்சு. அதோட லைசென்ஸ் போச்சு.”

“அப்புறம் எதுக்கு இந்த மேஜை? எதுக்கு இந்த நாற்காலி?”

“ஜனங்க வர்றாங்க. விசிறிய எடுத்துக்கிட்டு அழுதுக்கிட்டே வர்றாங்க. நான் கார்ல ஏத்திக்கிட்டுப் போய் டானாகிட்ட விடுவேன். என்ன ஏதுன்னு அவகிட்ட நான் பேசுவேன். அவ எழுதுவா. திரும்பி வரும்போது இவங்களா குடுக்கறத வாங்கிக்குவேன்.”

“நீ எழுதறதா நெனச்சுத்தானே குடுக்கறாங்க?”

ஓசியா விசிறியை அந்த மேஜைமேல் குப்புறப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. மேஹியூ மேல் இருந்த கோபம் பாதிதான். இத்தனை வருஷம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த முகத்தால் காற்று வாங்கிக்கொண்டு, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்துச் சந்தேகப்படாமல் இருந்திருக்கிறோமே என்பது மீதிப் பாதி.

டோனட் கடை மூடி வருஷக்கணக்காகியும் அந்த இடத்தில் சர்க்கரையும் எண்ணெயும் கலந்த வாசனை போகவில்லை. டோனட் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது கோர்ட்டுக் காகிதங்கள் அடுக்கியிருந்தன. டானா என்பவள் வெள்ளைக்காரப் பெண். நீண்ட நகங்களில் வெவ்வேறு நிறம் தீட்டியிருந்தாள். இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

“லைசென்ஸ், மிஸ்டர் கிரிக்ஸ். உங்க மக ஜெயில்ல இருந்து போன்ல சொல்லிட்டா. போட்டோ இருக்கு, வருஷம் இருக்கு. எண்ணைக் குறிச்சுக்கிட்டு விசாரிச்சுக்குங்க.”

கேட்காமலே காட்டுகிறவளை எப்படி நம்புவது? அதுவும் மிஸ்டர் போட்டு. இந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி தன்னை மிஸ்டர் என்று கூப்பிட்டபோதெல்லாம் எதையோ தலையில் கட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்பது அவர் அனுபவம். வாசலுக்கு வந்து தீப்பெட்டியைப் பார்த்து மறுபடி ஜாக்சனுக்குப் போன் போட்டார்.

“மறுபடியும் நீங்களா சார்?” என்றது அதே குரல்.

“புறா போயிடுச்சா?”

“இருக்கு. கேக்குதான் போயிடுச்சு.”

டானாவின் லைசென்ஸ் சரியாக இருந்தது. அவள்மேல் புகார் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். ஏன் இல்லை என்று கேட்டார். ஜாக்சன் போனை வைத்துவிட்டது.

உள்ளே வந்ததும் டானா எதிர் நாற்காலியைக் காட்டினாள். “உங்க சோதனை முடிஞ்சுதா? நல்லது. இப்ப என் முறை.”

வீடு யார் பேரில் இருக்கிறது, வரி கட்டியாகிவிட்டதா, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், மகளுக்கு வேலை உண்டா, எங்கே, யாரோடு பேசுவாள், கோபம் வந்தால் எங்கே போவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தன் கேள்விகளை இன்னொரு வாயிலிருந்து கேட்பது அவருக்குப் புதிதாக இருந்தது. நாற்காலியில் நெளிந்தார்.

“கோர்ட்டுத் தேதிக்கு வருவாளா?”

“வருவா.”

சொல்லி முடித்த பிறகுதான், யோசிக்காமல் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

டானா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். “முன்னாடி ஒரு தேதிக்கு வரல மிஸ்டர் கிரிக்ஸ்.”

“அது லைட் எரியாம கார் ஓட்டின கேசு.”

“தேதின்னா எல்லாம் தேதிதான். அப்ப எங்க போயிருந்தா?”

ஓசியா ஜன்னல் பக்கம் பார்த்தார். “பென்சகோலா.”

“கார்க்காரன் இப்ப எங்க இருக்கான்?”

பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. அவள் எழுதிக்கொண்டாள். நகம் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு விஷயத்தை நேராகச் சொன்னாள். கட்டணம் வழக்கம்போல ஜாமீன் தொகையில் பத்தில் ஒரு பங்கு, அது திரும்பி வராது. அதற்குமேல் அவர் வீட்டையும் நிலத்தையும் ஈடாக எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருமுறை தேதி தவறியவள் என்பதால் அது மட்டும் போதாது. சொந்தச் சொத்து உள்ள இன்னொரு ஆள் இரண்டாவதாகக் கையெழுத்துப் போடவேண்டும். அவள் ஓடினால் இரண்டு பேர் சொத்தும் போகும்.

“உங்களுக்காகக் கையெழுத்துப் போடறவங்க யாராவது ஒருத்தர். அவ்வளவுதான். நாளைக்கும் திறந்திருப்பேன்,” என்றாள். அந்தக் குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. அவர் தேடிப் பார்த்தார், இல்லை.

யாராவது ஒருத்தர். வண்டியில் உட்கார்ந்து ஓசியா யோசித்தார். பெரியப்பா மகன் வார்டெலுக்குச் சொத்து இருக்கிறது. ஆனால் வேலி நகர்ந்திருக்கிறது என்று சர்வேயரைக் கூட்டிவந்து அவன் நிலத்தை அளந்தவர் இவர். மேய்ப்பருக்கு வீடு இருக்கிறது. போன வருஷம் காணிக்கைத் தட்டை எல்லார் முன்னாலும் மறுபடி எண்ணச் சொன்னவர் இவர். எண்ணிப் பார்த்ததில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதை மேய்ப்பர் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடனாகக் கொடுத்த ரம்பத்தைத் திருப்பித் தரும்போது, வாங்கும்போதே பல் மழுங்கியிருந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டவர் இவர்.

அன்று சாயங்காலம் எல்லாரிடமும் போனார். மேய்ப்பர் ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மனைவியைக் கேட்கவேண்டும் என்றார், மனைவி உள்ளேயிருந்து வேண்டாம் என்றாள். வார்டெல் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

“ஓசியாண்ணே, நான் பேனா நீட்டினா நீங்க மூடியக் கழட்டி மையிருக்கான்னு பாக்கற ஆளு. உங்க மகளுக்கு நான் மட்டும் கண்ண மூடிக்கிட்டுப் போடணுமா?”

“அவ ஓடமாட்டாடா.”

“சரி, ஓடமாட்டா. நீங்க என் எடத்துல இருந்தா போடுவீங்களா?”

ஓசியா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை டானாவின் வாசலில் மேஹியூவின் பழைய பியூக் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டியோரம் மேஹியூ ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ரப்பர் வளையம் போட்ட பத்திரக் கட்டு இருந்தது.

“நீ எதுக்கு வந்த?”

“கையெழுத்துக்கு ஆள் இல்லையாமே.”

“யாரு சொன்னா?”

“வார்டெல் சொன்னான். டயர் கடையில வெச்சுச் சொன்னான். சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாச்சு.”

ஓசியா டானா பக்கம் திரும்பினார். “இந்தாளுக்கு நீ கமிஷன் குடுக்குறியா?”

“குடுத்தா என் லைசென்ஸ் போயிடும் மிஸ்டர் கிரிக்ஸ். அவரு கேட்டதும் இல்ல.”

“பத்திரம் யாரோடது? வரி பாக்கி இருக்கா? பேங்க்ல வெச்சிருக்கானா?”

“எல்லாம் பாத்துட்டேன். வீடு அவரு பேர்லதான் இருக்கு. வில்லங்கம் ஒண்ணும் இல்ல.”

குறை ஒன்றும் இல்லாததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மேஹியூவை முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். “நேத்து உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டேன். இன்னைக்கு வீட்டத் தூக்கிக்கிட்டு வர்ற. சும்மா ஒருத்தன் செய்யற காரியம் இல்ல இது. என்ன வேணும் உனக்கு?”

மேஹியூ தெருவைப் பார்த்தார். தன் காரைப் பார்த்தார். குரலை இறக்கிச் சொன்னார். “ஜாக்சனுக்குப் போன் போட்டது உன்னோட என்னோட போகட்டும். சபையில வாயத் திறக்காத. நீ இருக்கியே, சும்மா இருக்கமாட்ட. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு எந்திரிச்சு நின்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதா உன்னை?”

விலை சொன்னதும்தான் ஓசியாவுக்கு மூச்சு வந்தது. இலவசமாக நீட்டிய கையைவிட இது கையாளச் சுலபமான சரக்கு. ஆனாலும் எடை போட்டுப் பார்த்தார். இனிமேலும் விசிறியை எடுத்துக்கொண்டு ஜனங்கள் அவனிடம் போவார்கள், போய் அழுவார்கள், அவன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையாட்டுவான், காசு வாங்குவான். தான் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். எந்த எடைமேடையிலும் அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

“நீ ஏன் நம்புற, அவ ஓடமாட்டான்னு?” என்று கேட்டார்.

“நான் எங்க நம்பறேன்னு சொன்னேன்?” என்றார் மேஹியூ.

ஓசியா உள்ளே போய்ப் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். டானா எழுதியிருந்த காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்ததாக மேஹியூ, ஒரு வார்த்தையும் படிக்காமல், சுழித்துப் பெரிதாகப் போட்டார்.

வெர்லீன் மத்தியானம் வெளியே வந்தாள். சாமான்களைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்டியில் ஏறியதும் பெல்ட்டும் வளையலும் எல்லாம் இருக்கிறதா என்று பையைத் துழாவிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வை யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

“யாரு போட்டா ரெண்டாவது கையெழுத்து?”

“மேஹியூ.”

“விசிறி மேஹியூவா?” அவள் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். “அவரு லைசென்ஸ் போன ஆளாச்சே அப்பா. உள்ள இருக்கற பொண்ணுங்க அத்தன பேருக்கும் தெரியுமே. நான்தான் உன்னை டானாகிட்டப் போன்னு சொன்னேன்ல?”

ஓசியா வண்டியைக் கிளப்பினார். கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. தேதிக்கு வருவியா? ஜாக்சனில் இருப்பவளை, ஜெயில்காரியை, டானாவை, மேஹியூவை என்று எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, பெல்ட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டிருப்பவளை மட்டும் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் வருவேன் என்பாள். பிறகு அதை நம்பவேண்டும்.

“பசிக்குதா?” என்று கேட்டார்.

“ரொம்ப,” என்றாள்.

மறுநாள் சபையில் நல்ல புழுக்கம். விசிறிகள் ஓயாமல் அசைந்தன. மேஹியூ மூன்று பெஞ்சு முன்னால், பிடரி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். வெர்லீன் வரவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டாள். தலைவலிதானா என்று அவர் ஆராதனை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். முடிந்து எல்லாரும் எழுந்தபோது சிஸ்டர் ஐடா அவர் பக்கம் நகர்ந்துவந்து காதோரம் சொன்னாள். “எங்கக்கா மகனப் பிடிச்சுட்டாங்க பிரதர். உங்க வெர்லீன பிரதர் மேஹியூதான் எடுத்தாராமே? அவர்கிட்டப் போகலாமா? நீங்க சொன்னா நம்பிக்கையாப் போவேன். நீங்க லேசுல யாரையும் சரின்னு சொல்லமாட்டீங்க.”

மேஹியூவின் பிடரி அசையாமல் நின்றது. ஓசியா இருமினார். மறுபடி இருமினார். “ஜெயில்ல செவுத்துல ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கு,” என்றார். “அதப் பாரு.”

“லிஸ்ட்ல அவரு பேரு இருக்கா?”

“நீ போய்ப் பாரு சிஸ்டர்.”

வெளியே வெயிலில் வந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. இப்படி ஒரு பேச்சை வேறு யாராவது அவரிடம் பேசியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் வெர்லீன் கிளம்பினாள். அவர் அதற்கு முன்பே எழுந்து காப்பிக் கோப்பையோடு முன்வராந்தாவில் நின்றிருந்தார். வழக்கமாக நிற்கமாட்டார். அவளும் அதைக் கவனித்தாள். மதியச் சாப்பாட்டுப் பையைக் காரில் வைத்தாள். இன்னொரு பையும் வைத்தாள். ஆலையில் போடுகிற ரப்பர் பூட்ஸ் படியோரம் கிடக்கும், அதைக் காணோம். எடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கிடக்கும் நல்ல செருப்பையும் காணோம்.

“அந்தப் பை என்னத்துக்கு?” என்று கேட்க வாயெடுத்து, “பெட்ரோல் இருக்கா?” என்று கேட்டார்.

“நேத்தே போட்டுட்டேன்.”

“எவ்வளவு?”

“ரொப்பிட்டேன்.” கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணாடியை இறக்கி, “உள்ள போ அப்பா. பனி எறங்குது,” என்றாள்.

கார் செம்மண் பாதையில் மெதுவாகப் போனது. பாதை போய் முட்டுகிற இடத்தில் பெரிய ரோடு. இடது பக்கம் திரும்பினால் கோழி ஆலை. வலது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, அப்புறம் கடல்வரை, பென்சகோலாவரை ஒரே நேர் வழி. திரும்பும் விளக்கை வெர்லீன் ஒருநாளும் போட்டதில்லை. முட்டுகிற இடத்தில் கார் நின்றது. பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. கொஞ்சம் அதிக நேரமாகவே எரிந்தன. அப்போது பைன் மரம் ஏற்றிய லாரி ஒன்று பெரிய ரோட்டில் கடகடத்துக்கொண்டு போனது. ஓரத்து மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனது. தூசி அடங்கியபோது பாதை காலியாக இருந்தது.

ஓசியா கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். காதைத் தீட்டிப் பார்த்தார். லாரிச் சத்தம்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் தபால் பெட்டிக்கு அந்தப் பக்கம், பைன் மரங்களின் இருட்டில் ஒதுங்கி நின்றிருந்த கார் கண்ணில் பட்டது. பழைய பியூக்.

செருப்பைக்கூடப் போடாமல் பாதையில் இறங்கி நடந்தார். கிட்டத்தில் போகவும் கண்ணாடி இறங்கியது. மேஹியூ இரவில் போடும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் காப்பி பிளாஸ்க் இருந்தது.

“இங்க என்ன பண்ற?”

“நீ என்ன பண்ற?” என்றார் மேஹியூ. “என் வீடும்தான்யா அதுல இருக்கு.”

மரங்களுக்கு நடுவே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஊரில் அந்தத் திருப்பத்தைப் பார்த்தவர் இந்த ஒருவர்தான்.

“எந்தப் பக்கம் போனா?” என்று கேட்டார் ஓசியா.

மேஹியூ பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார். “ஆலைப் பக்கம்,” என்றார்.

ஓசியா ரோட்டோரம் போய்க் குனிந்தார். சக்கரத் தடம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் லாரி வாரியிறைத்த மண்ணும், உதிர்ந்த பைன் பட்டைகளும் கிடந்தன. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். திரும்பி வந்து காரின் முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். இப்போதுதான் வந்து நின்ற கார் என்றால் சுடும். சில்லென்று இருந்தது. பனி கோத்திருந்தது. அவர் பார்த்தது நிஜம், சொன்னது நிஜமா என்பதைத்தான் கைவைத்துப் பார்க்க முடியவில்லை.

“எவ்வளவு நேரம்யா வெச்சுக்கிட்டே இருப்ப?” என்றார் உள்ளேயிருந்து மேஹியூ.

ஓசியா கையை எடுத்தார். எடுத்த இடத்தில் ஐந்து விரலும் பனியில் அப்படியே பதிந்திருந்தன. ரோட்டில் இன்னொரு லாரி போனது. எழும்பிய செம்மண் தூசி மெல்லக் கீழே இறங்கி அந்தக் கைத்தடத்தின்மேல் படிந்துகொண்டிருந்தது.